அந்த முப்பது நாள் ரீடிங்: குமுதா மேடம் நினைவாக

குமுதா மேடம் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். நைனார்பாளையத்திலிருந்து காலையில் கள்ளக்குறிச்சிக்கு வரும் அந்த பஸ்ஸில்தான் பதினாறு வருடமாக மேடம் வந்து எங்கள் லேப்புக்கு எதிரே இறங்குவார். அன்றைக்கு பஸ் நின்றது. அவர் இறங்கவில்லை, கண்டக்டர் இறங்கினார். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்க்க, சாலையைத் தாண்டி எங்கள் படியேறி வந்தார். "சார், அந்தம்மா தவறிட்டாங்க சார். விடியகால நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம். வூட்டாண்ட ஜனம் நிக்குது. உங்களுக்குத் தெரியுமோ இன்னாவோன்னுதான் வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நின்றார், பிறகு பஸ்ஸுக்கு ஓடினார்.

அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அழுகைதான் முதலில் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதலில் வந்தது வேறு ஒன்று. "இனிமேல் அது தெரிந்தவர்கள் யாரும் இல்லை" என்ற நினைப்பு. ஒரு நொடி மனம் லேசானது. அந்த லேசு என்னை பயமுறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

படத்திறப்பு அன்று அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மேடத்தின் கணவர் ராமலிங்கம் கேட்டார். "அவள பத்தி ஜாஸ்தி தெரிஞ்சவரு நீங்கதான் சார்" என்றார். உண்மைதான், அதனால்தான் பத்து நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கப்போகிற ஜவ்வரிசி மில்காரர்களுக்கும், லேப் நண்பர்களுக்கும், அவரோடு பஸ்ஸில் வந்தவர்களுக்கும் மேடத்தைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அவர் ரொம்ப பயந்த சுபாவம். இன்னொன்று, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்குத் தவறான ரிப்போர்ட் கொடுத்தார், அதனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை அவரிடமிருந்து போனது. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். அந்தத் தவறைச் செய்தவன் நான், பழனிவேல், இந்த லேப்பில் அவரோடு வேலை பார்த்தவன். அவர் பெயர் இனிமேலாவது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடத்தின் பயம் சாதாரண பயம் இல்லை. ஒருமுறை வேலை முடிந்து பஸ் ஏறி சின்னசேலம் வரைக்கும் போனவர், ஓவனை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் அங்கேயே இறங்கி எதிர்ப் பக்க பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். நான் அப்போதுதான் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தேன். ஓவன் அணைந்துதான் இருந்தது. "அணைஞ்சிருக்கும்னு தெரியும் சார். தெரிஞ்சாலும் வூட்ல போயி சோறு எறங்காது" என்றார். எந்தச் சோதனை முடிந்தாலும் "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் சார்" என்பார். நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே "இன்னும் ஒரு நாள்" மேடம். மில்காரர்கள் போனில் "இன்னும் ஒரு நாள் மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே "இருக்கறேங்க, சொல்லுங்க" என்பார்.

எங்கள் லேப்பின் பிழைப்பு மரவள்ளிக் கிழங்கு. சுற்று வட்டாரத்து மில்களிலிருந்து மாவும் மாவுப்பாலும் வரும். அதன் கெட்டித்தன்மையும் ஈரமும் புளிப்பும் பார்த்துச் சொல்வோம். இதில் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாவுப்பால் பாட்டிலை ஒரு மணி நேரம் சும்மா வைத்தால் மாவு அடியில் உட்கார்ந்துவிடும். அதனால் மாவு லேப்பில் வேலை பார்க்கிற எவனும் குலுக்காமல் ஒரு பாட்டிலைத் திறக்க மாட்டான். பாட்டிலைத் தொட்டதும் கை தானாகக் குலுக்கும். என் மனைவி வீட்டில் மோர் டம்ளரை நீட்டினால்கூட நான் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் குடிப்பேன்.

அப்படிப்பட்ட லேப்புக்குத்தான் அந்த எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர் வந்தார். டெல்டா பக்கம் அவர்களுக்குப் பழைய கிணறுகள் இருந்தன. பூமிக்குள் எண்ணெய் குளம்போல் நிற்பதில்லை, பாறையின் நுண்ணிய துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை உள்ளே இறைத்துத் தள்ளினால் கொஞ்சம் வரும். அப்புறம் தண்ணீர் தனக்குச் சுலபமான வழியைக் கண்டுபிடித்து ஓடிவிடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு இரண்டு மருந்து. பாலிமர் பொடியைக் கரைத்தால் தண்ணீர் கஞ்சிபோலக் கெட்டியாகி எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். சர்பாக்டன்ட், அதாவது சோப்பு குணமுள்ள பொருள், பாறையில் ஒட்டிய எண்ணெயைக் கழற்றிவிடும். இந்தச் சோப்பு வேலையைப் பூந்திக்கொட்டைச் சாறு செய்யுமா, அது அவர்களுடைய பாலிமரோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். பூந்திக்கொட்டை கல்வராயன் மலையில் கிடைக்கிறது, கெட்டித்தன்மை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. அதனால் எங்களைத் தேடி வந்திருந்தார்கள்.

எங்கள் முதலாளிக்கு அளவில்லாத சந்தோஷம். மேடத்துக்கு அன்றிலிருந்தே கவலை. பழைய சஞ்சிகைகளை எல்லாம் தேடி எடுத்துப் படித்துவிட்டு ஒரு நாள் என்னிடம் சொன்னார். "பாலிமரு நல்லதுதான் சார். சோப்பும் நல்லதுதான். ரெண்டையும் ஒரே வூட்ல குடி வெச்சாதான் கதை தெரியும். நான் மாமியாரோட இருக்கறவ, எனக்குத் தெரியும்." விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். பாலிமர் நீளமான சங்கிலி. சோப்பு மூலக்கூறுகள் அந்தச் சங்கிலியில் அங்கங்கே கொத்துக் கொத்தாகப் போய் ஒட்டும். சில சமயம் சங்கிலி விரிந்து தண்ணீர் இன்னும் கெட்டியாகும். சில சமயம் சுருண்டு நீர்த்துப்போகும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சகிக்காமல் மேலொரு அடுக்கு, கீழொரு அடுக்கு என்று பிரிந்துவிடும். பாறைக்குள் அப்படிப் பிரிந்தால் சோப்பு முன்னால் ஓடிவிடும், பாலிமர் துளைகளில் அடைத்துக்கொள்ளும். கிணறு அத்தோடு முடிந்தது. "பாட்டில்ல பிரிஞ்சா ஊத்திட்டு கழுவி வெச்சிடலாம் சார். மண்ணுக்குள்ள பிரிஞ்சா யாரு போயி கழுவறது?" என்றார்.

கொட்டை வாங்க நாங்கள் இருவரும் வெள்ளிமலைக்குப் போனோம். மலைக்காரர்கள் ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். மேடம் மூட்டையை வாங்கவில்லை. எந்த மரம், எந்தப் பக்கம், எத்தனை நாள் காய்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், மரத்துக்கு ஒரு பை என்று தனித்தனியாகச் சீட்டு ஒட்டினார். கொட்டை பொறுக்கும் சின்னப்பொண்ணு என்கிற அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, தலைக்குத் தேய்க்கற காயிக்கு இம்மாம் விசாரணையா? மரத்துக்கெல்லாம் பேரு வெச்சிக்கினு கீறீங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்காமல், "தலைக்குன்னா நுரை கம்மியா இருந்தா இன்னொரு காய் போட்டுக்கலாங்க. இது அப்படி இல்லைங்க" என்றார். ஐந்து மரத்துக் கொட்டை ஐந்து பையில் வந்தது. மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் இறங்கி வந்தார்.

சோதனை இதுதான். கிணற்று உப்புத் தண்ணீரில் பாலிமரையும் பூந்திச் சாற்றையும் பல அளவுகளில் கலந்து, பாட்டிலில் அடைத்து, பாறைக்குள் இருக்கிற சூட்டில் ஓவனில் முப்பது நாள் வைக்க வேண்டும். தினமும் காலையில் எடுத்துப் பார்த்து, தெளிவாக இருக்கிறதா, மங்கலா, அடுக்காகப் பிரிந்ததா என்று எழுத வேண்டும். என் வீடு லேப்புக்குப் பக்கம், மேடம் பஸ்ஸில் வர ஒன்பதரை ஆகும். ஓவனைத் திறக்கிற நேரம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் எட்டு மணி ரீடிங் என் பொறுப்பானது. மேடம் இரண்டாவது செட் ஒன்றைத் தயார் செய்து ஓவனின் பின்தட்டில் தாள் சுற்றி வைத்தார். முப்பது நாளும் முடிகிறவரை அதை யாரும் தொடக்கூடாது என்றார். "இதுக்கு எதுக்கு மேடம் இடத்தை அடைக்கறீங்க?" என்று கேட்டேன். "பயம்தான் சார், வேற இன்னா" என்றார்.

நான் முப்பது நாளும் எட்டு மணிக்குப் போனேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை, காய்ச்சல் வந்த இரண்டு நாளும் போனேன். பாட்டிலை எடுத்தேன், குலுக்கினேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூந்திச் சாறு பழுப்பு நிறம், மேலே நுரை. அடுக்கு எதுவும் இல்லை. "ஒரே சீர்" என்று எழுதினேன். முப்பது நாளும் "ஒரே சீர்". வாரம் ஒரு தடவை மேடம் கெட்டித்தன்மை பார்த்தார். அது கொஞ்சம் மேலே கீழே ஆடியது, அவருக்கு அது பிடிக்கவில்லை. நான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பார். "சரியா இருக்குதுன்னு சொல்லாதீங்க சார், இன்னிக்கு சரியா இருக்குதுன்னு சொல்லுங்க" என்பார். நான் சிரிப்பேன்.

முப்பதாம் நாள் ஒரு சனிக்கிழமை. கம்பெனி வண்டி வாசலில் நின்றது. கிணற்றில் தொட்டி, பம்பு எல்லாம் தயார், திங்கள் மதியம் இறைக்கத் தொடங்குகிறார்கள், ரிப்போர்ட் மட்டும் பாக்கி. மேடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "பின்தட்டு செட்டை இன்னும் பாக்கல சார். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "மேடம், முப்பது நாளும் நான் என் கண்ணால பாத்தது. அதுவும் இதே கலவைதான். போடுங்க." அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கள் காலை மேடம் முந்தைய பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஞாயிறு முழுக்கச் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். நான் போனபோது ஓவன் கதவு திறந்திருந்தது. மேஜைமேல் பின்தட்டு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்திருந்தார். பன்னிரண்டு பாட்டிலில் ஒன்பதில் நடுவே ஒரு கோடு. மேலே அடர்ந்த பழுப்பு, கீழே வெளிறிய கஞ்சி.

"சார், நீங்க பாக்கறதுக்கு முன்னாடி பாட்டிலை இன்னா பண்ணீங்க?"

"எப்பவும் போலத்தான் மேடம். எடுத்து, குலுக்கிட்டு..."

அவர் ஒரு பாட்டிலை எடுத்து மெதுவாகக் குலுக்கினார். கோடு மறைந்தது. வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே சீர். முப்பது நாள் நான் எழுதியது அதைத்தான். தினமும் காலையில் பிரிந்து கிடந்ததை என் கையாலேயே சேர்த்துவிட்டு, சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். ரீடிங் முறையில் "குலுக்கக் கூடாது" என்று மேடம் எழுதவில்லை. பிரிகிறதா என்று பார்க்கிற சோதனையில் யாராவது குலுக்குவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மணி ஒன்பது தாண்டியிருந்தது. மதியம் இறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். மேடம் பொறியாளருக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். அவர் கிணற்றடியில் இருக்கிறார், சிக்னல் கிடைக்காது என்று அவர்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். "யாரையாச்சும் அனுப்பி சொல்லுங்க, பம்பு போடக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று மேடம் கெஞ்சினார். அந்தப் பக்கம் இருந்தவர் குறித்துக்கொள்கிறேன் என்றார். குறித்தாரோ இல்லையோ. நான் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஒருவேளை சின்ன அடுக்குதானே, பாறைக்குள்ள ஓட்டத்துல தானா சேர்ந்துக்கலாம் இல்லியா?" என்று கேட்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அப்படித்தான் கேட்டேன். மேடம் என்னைப் பார்க்காமல், "பாறைக்குள்ள குலுக்கறதுக்கு யாரு இருக்கறாங்க சார்?" என்றார்.

பதினொன்றரைக்கு முதலாளி வந்தார். அதே நேரத்தில் பொறியாளர், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து, திருப்பிக் கூப்பிட்டார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். "சார், இறைக்காதீங்க. கலவை பிரியுது. எங்க ரீடிங் தப்பு." அந்தப் பக்கம் பம்புகளை வெள்ளோட்டம் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பொறியாளர் யாரிடமோ நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அப்புறம் ரொம்ப அமைதியாகக் கேட்டார்: "ரீடிங் எடுத்தது யார்?"

மேடம் என்னைப் பார்த்தார். நன்றாக நினைவிருக்கிறது, அவர் காத்திருந்தார். முதலாளி மேஜையின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு போர்வெல் தண்ணீர் ரிப்போர்ட்டை நான் மாற்றி அனுப்பி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் திட்டு வாங்கியிருந்தேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியாளர் மறுபடியும் "யார்?" என்றார்.

"நான்தான் சார்" என்றார் மேடம்.

கிணறு தப்பித்தது. அது மேடத்தால் தப்பித்தது. ஆனால் ஊரில் பரவியது அந்தப் பாதி இல்லை. கம்பெனி எங்களை விட்டுப் போனது. அந்த வாரமே மேடம் தனியாக பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனார். அங்கே இன்னும் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், வாங்க ஆள் வராது என்று யார் போய்ச் சொல்வது என்ற கவலை அவருக்கு. நான் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பி வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நாங்க தப்பா பாத்துட்டோம்னு சொன்னேன்" என்றார். "நாங்க" என்றுதான் சொன்னாராம். அந்தச் சின்னப்பொண்ணு அம்மா திட்டவில்லை, கேழ்வரகுக் களி போட்டு அனுப்பினார்களாம்.

அன்றைக்குச் சாயந்திரம்தான் அந்த போன் விஷயத்தை நான் அவரிடம் பேசினேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பம்பு மொதல்ல நிக்கணும் சார். நீங்களா நானான்னு அங்க பேசிக்கினு இருக்க முடியுமா? கையெழுத்தும் என்னுதுதானே. பாக்காம போட்டது என் தப்புதான்" என்றார். பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். "ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்."

"நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடறேன் மேடம்."

"ம். சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனி ரிப்போர்ட்டில் எல்லாம் நீ கையெழுத்துப் போடு, அந்தம்மா வேலையை மட்டும் செய்யட்டும் என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்றேன். அன்றிலிருந்து மூன்று வருடம் மேடம் சோதனை செய்வார், சில ரீடிங்கை நான் எடுப்பேன், அவர் தாளை என் மேஜையில் வைப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். மில்காரர்கள் போனில், "அந்தம்மா பாத்ததா? நீங்க ஒரு வாட்டி பாத்துடுங்க சார்" என்பார்கள். அவர் இரண்டடி தள்ளி, கெட்டித்தன்மை அளக்கும் விஸ்காமீட்டர் பக்கத்தில் நிற்பார். எனக்குக் காது சூடாகும். "பாத்துடறேன்" என்பேன். ஒருவர்கூட "இன்னும் ஒரு நாள் மேடம் இருக்காங்களா?" என்று அதன்பிறகு கேட்கவில்லை.

அந்த மூன்று வருடமும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், பயந்துகொண்டே இருந்தேன். மேடம் முதலாளி அறைக்குள் போனால் நான் கதவையே பார்ப்பேன். அவர் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்கு வேலை ஓடாது. அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசினால் இன்று சொல்லிவிடுவார் என்று நினைப்பேன், அன்பாகப் பேசினால் இன்னும் அதிகமாக நினைப்பேன். தீபாவளிக்கு அவர் வீட்டு அதிரசம் வரும். வாங்கிக்கொள்வேன். அந்தப் பேச்சை அவர் மறுபடியும் எடுக்கவே இல்லை. பெருந்தன்மை என்று எழுதி அவரைச் சாமியாக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கோபம் இருந்தது. என் ரீடிங் எதுவாக இருந்தாலும், எனக்குத் தெரியாமல் இன்னொரு முறை தானே எடுத்துப் பார்த்தார். அவரது நோட்டுகளை இப்போது ஒழுங்குபடுத்தும்போது அதைக் கண்டேன். என் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக அவர் எண். மூன்று வருடமும், ஒரு தாள் விடாமல்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ராமலிங்கத்திடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நைனார்பாளையம் போனேன். அதே பஸ். பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார், அவரது அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ரீடிங், குலுக்கியது, போன், என் மௌனம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் என்னை அடிக்கலாம், வெளியே போ என்று சொல்லலாம், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"அப்ப அவ தப்பு பண்லியா?" என்றார்.

"இல்லைங்க."

"நான் பேசிட்டேனே சார்." அவர் கண் தரையில் இருந்தது. "கம்பெனிக்காரன் போயிட்டான்னு அன்னிக்கு வந்து சொன்னா. கண்ணு தெரியலன்னா வேலைய வுட்டுட்டு வூட்ல கெடன்னு பேசிட்டேன். எங்கம்மாவும் கூடப் பேசுச்சு. ஒரு மாசம் இதையே சொல்லிக் காட்னேன். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாம் இல்ல? நீங்கதான்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

காபி ஆறிப்போனது. இதை மலரில் போடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். "போடுங்க சார்" என்றார். "மொத பக்கத்துல போடுங்க. நான் பேசுனதையும் சேத்துப் போடுங்க." எழுந்து உள்ளே போனார். வழியனுப்ப வெளியே வரவில்லை. நான் பஸ் நிறுத்தம்வரை தனியாக நடந்தேன்.

முதலாளியிடம் நேற்று சொல்லிவிட்டேன். எண்ணெய்க் கம்பெனிக்கு என் பெயர் போட்டுக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். வேலை இருக்குமா இருக்காதா என்று அடுத்த வாரம் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் வேறு எங்கே போவேன் என்று தெரியவில்லை. மில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அலமாரியில் இந்த மூன்று வருட ரிப்போர்ட்டுகள் இருக்கும். கீழே என் கையெழுத்து இருந்தாலும், அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் குமுதா மேடம் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் நம்பலாம்.

அவர் நினைவாக நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று படத்திறப்பு அன்று யாராவது என்னைக் கேட்பார்கள். பேனாவோ புகைப்படமோ என்னிடம் இல்லை. மூன்று வருடம் அவர் சுமந்த பழி இருக்கிறது. அது என்னுடையது, அவர் உயிரோடு இருக்கும்போது வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வாங்கிக்கொண்டேன், மேடம்.